அடங்கலில் ஏறிய பெயர்

அக்கா எங்களைவிட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவைக் கழனியில் மட்டுமே பார்த்துப் பழகிய ஏரிப் பாசன நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இதை யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அக்கா மகள் தேவி, "மாமா, நீங்களே எழுதுங்க. அம்மாகிட்ட அதிகமா திட்டு வாங்கினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டாள். வேறு தகுதி எதுவும் இல்லை. அந்தத் தகுதியோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் ஏரிக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊரில்தான் அக்கா பிறந்தார், வாழ்ந்தார், மறைந்தார். எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் கழனியில் கூலிக்கு உழுதவர். அக்கா எட்டாவது வரை படித்தார். அதற்கு மேல் படிக்க ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும், போகவில்லை. நடவுக்குப் போனார். எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் பாலிடெக்னிக் படித்ததும், ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்ததும், பிறகு சூப்பர்வைசர் ஆனதும் அக்காவின் நடவுக் கூலியில் ஆரம்பித்த கதைகள்தான். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தோம். மாமா கொத்து வேலை செய்தவர், நல்ல மனிதர். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது தேவி இரண்டாம் வகுப்பு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்தன. நிலம் இருந்தவர்கள் விற்றார்கள். இல்லாதவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். நான் சொல்லி அக்காவையும் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஒரு வருடம் முடிவதற்குள் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நாள் பூரா அந்தத் தரையத் தொடைக்கிறேன்டா. ஒரு புல்லு மொளைக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. சிபாரிசு செய்தவன் நான் அல்லவா? ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வேலையை விட்ட கையோடு ஏரி மதகுக்குக் கீழே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிற ஓய்வுபெற்ற அதிகாரி. விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர். வாய்ப்பேச்சுக் குத்தகைதான். எங்கள் பக்கம் எல்லாக் குத்தகையும் அப்படித்தான். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம், எழுதிக் கேட்டால் குத்தகையே போய்விடும் என்று பயிர் வைப்பவர்களுக்குப் பயம். இந்த இரண்டு பயத்துக்கு நடுவில்தான் நம்ம ஊரில் நெல் விளைகிறது.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் பதிவேட்டுக்கு அடங்கல் என்று பெயர். விதை மானியம், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது எல்லாவற்றுக்கும் அந்த அடங்கல் வேண்டும். அக்கா உழுத இரண்டு ஏக்கருக்கும் அடங்கலில் இருந்தது நிலத்துக்காரர் பெயர். அவர் அந்த வரப்பில் கால் வைத்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஒரு மழையில் கதிரோடு பயிர் மூழ்கியபோது நிவாரணம் அவருக்குப் போனது. நெல்லை அக்கா களத்திலேயே வியாபாரியிடம், அவன் சொன்ன விலைக்குக் கொடுத்தார். வருடா வருடம் அப்படியே போயிற்று. "நாம இன்னா பண்ண முடியும்" என்று நான் சொல்வேன். அக்கா முறைப்பார்.

இந்த நிலையில்தான் எங்கள் கம்பெனி என்னையும் இன்னும் இரண்டு பேரையும் புது லைன் வேலை பழக மூன்று மாதம் ஆஸ்திரியாவுக்கு அனுப்பியது. ஆலை ஒரு மலையடிவாரக் கிராமத்தில் இருந்தது. எங்களைத் தங்கவைத்தது ஒரு விவசாயி வீட்டில். ஹெல்கா என்ற அம்மையார், அக்கா வயதுதான் இருக்கும். பழைய மாட்டுத் தொழுவத்தைச் செப்பனிட்டு அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். விவசாயத்தோடு இன்னொரு வருமானமும் இருந்தால்தான் சனங்கள் கிராமத்தைவிட்டுப் போக மாட்டார்கள் என்று அதற்குக்கூட அங்கே அரசு உதவி உண்டாம்.

அக்கா கழனியிலிருந்து கரையேறும் நேரம் எனக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தினமும் வீடியோவில் கூப்பிடுவார்.

"எங்கடா தங்கி கீற?"

"மாட்டுக் கொட்டாயிலக்கா."

"அதுக்கா இவ்ளோ தூரம் ப்ளேன் ஏறிப் போன? நம்ம வூட்லயே ஒண்ணு காலியா கீதே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்காம்மா சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் பேச்சு நன்றாகப் போனது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து விவசாயிகளுக்கு வருடா வருடம் கொடுக்கும் உதவிக்கு விண்ணப்பம் போடுகிறாராம். எந்தத் துண்டில் கோதுமை, எந்தத் துண்டில் புல், ஓடைக் கரையோரம் எவ்வளவு தூரத்துக்கு மருந்து அடிக்காமல் விட்டிருக்கிறார் என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். சந்தேகம் என்றால், கேட்கும் இடத்தில் நின்று போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது என்று படமே சொல்லிவிடும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இதை அக்காவிடம் சும்மா கதையாகச் சொன்னேன்.

"நிலமெல்லாம் அந்தம்மாவுதா?" என்றார் அக்கா.

"கொஞ்சம்தான் சொந்தம். மிச்சம் குத்தகை."

"அப்ப பணம் யாருக்கு வருது?"

எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஹெல்காம்மாவிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகு, "நான்தானே பயிர் செய்கிறேன்? எனக்குத்தான்" என்றார். அடுத்த நாள் இதை அக்காவிடம் சொன்னேன். அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"திரும்பச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. நிலத்துக்காரன் சண்டைக்கு வர மாட்டானா? எழுத்தில் குத்தகை உண்டா? அந்தம்மா பொம்பளை என்று ஆபீசில் உட்கார வைக்காமல் அனுப்புவானா? ஹெல்காம்மாவுக்கும் இந்தக் கேள்விகளில் சுவாரசியம் வந்துவிட்டது. அவர் ஒன்றும் தேன் ஒழுகப் பேசவில்லை. விதிகள் அதிகம், மேலே சாட்டிலைட்டில் பார்க்கிறார்கள், கீழே ஆள் வந்து அளக்கிறார், நாங்களும் டிராக்டரோடு தலைநகரத்துக்குப் போய்க் கத்தியிருக்கிறோம் என்று ஒரே புலம்பல். உதவி கூடினால் நிலத்துக்காரர்கள் குத்தகையைக் கூட்டிவிடுகிறார்கள் என்றும் சொன்னார். நான் இதையெல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். "குடுக்கிறவன் கேள்வி கேப்பான்டா. நம்மள இங்க ஒர்த்தன் கேள்விகூட கேக்கறதில்ல" என்றார்.

நான் செய்த தவறு இதற்குப் பிறகுதான். ஹெல்காம்மா ஓடைக் கரையோரம் ஒரு பட்டை நிலத்தை விதைக்காமல் பூவும் புல்லுமாக விட்டிருந்தார். தேனீ வரும், தண்ணீர் கெடாது என்று அதற்கும் உதவி உண்டு. பூக்கள் அழகாக இருந்தன. நான் வீடியோவில் காட்டி, "பாருக்கா, பயிர் வைக்காம வுட்டாலும் காசு தராங்க" என்று பெருமையடித்தேன். அக்கா அதை மனதில் வைத்துக்கொண்டார். சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று நட்டபோது, கால்வாய் ஓரமாக இருபது சென்ட் நடாமல் விட்டுவிட்டார். செய்து காட்டிவிட்டுக் கேட்டால் நம்ம ஊர் அரசாங்கமும் யோசிக்கும் என்பது அவர் கணக்கு. இதை என்னிடம் சொல்லவும் இல்லை.

நம்ம பக்கத்தில் ஒரு நிலம் ஒரு பட்டம் சும்மா கிடந்தால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அது பிளாட் ஆகப்போகிறது என்று அர்த்தம். புரோக்கர் ஒருவர் அந்த இருபது சென்ட்டை மட்டும் பல கோணத்தில் போட்டோ எடுத்து நிலத்துக்காரருக்கு அனுப்பி, குத்தகைக்காரம்மா பயிரை நிறுத்திவிட்டார், நல்ல பார்ட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லைக் கேட்டோ என்னவோ, அந்தப் பட்டத்து அடங்கலில் இரண்டு ஏக்கரும் தரிசு என்று ஏறிவிட்டது. நான் ஊர் திரும்பிய அன்று கால்வாய் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒரு டஜன் இறங்கியிருந்தது. பக்கத்தில் அக்காவின் நெல் இடுப்பளவு நிற்கிறது.

வீட்டுக்குள் பெட்டியை வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார். "அங்க காசு குடுத்து சும்மா வுடச் சொல்றான். இங்க சும்மா வுட்டா கல்லு நடுறான். இத நீ சொன்னியா?" சொல்லவில்லை. அங்கே அந்தப் பட்டை நிலமும் ஹெல்காம்மா பெயரில் வரைபடத்தில் ஏறியிருக்கிறது. அக்காவின் பெயரோ எங்கேயுமே இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. குத்தகை போனால் அக்காவுக்கு என்ன இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, "சாப்ட்டு வா. ஆபீசுக்குப் போலாம்" என்றார்.

மூன்று நாள் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நடந்தோம். முதல் நாள் அலுவலர் இல்லை, இரண்டாம் நாள் கூட்டம். மூன்றாம் நாள் இருந்தார். "தரிசுன்னு ஏறிடுச்சும்மா, இனிமே அடுத்த பட்டம்தான்" என்றார். அக்கா சண்டை போடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் போனைத் திறந்து மேசைமேல் வைத்தார். நாற்று நட்ட நாளிலிருந்து வாரம் ஒரு படம், ஒரே மேட்டில் நின்று எடுத்தது, படத்திலேயே தேதியும் இடமும். ஹெல்காம்மா செய்கிற மாதிரியே அக்காவும் செய்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இதுல எது சார் தரிசு?" என்றார் அக்கா. "நீங்க வந்து கழனியில நின்னு பார்த்துட்டு எழுதுங்க. தரிசா இருந்தா தரிசுன்னே எழுதுங்க."

அந்த அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நாலைந்து கிராமம் பொறுப்பு. ஆனால் அன்றே பைக்கில் வந்தார். பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். அதே இடத்தில் தரிசை அடித்து நெல் என்று திருத்தி எழுதினார். அக்கா விடவில்லை. "பயிர் வச்சவங்க பேர் எழுதற கட்டம் கீதே சார், அதுல யார் பேரு?" என்றார். நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் எழுதலாம் என்றார் அவர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மறுநாள் லீவு போட வேண்டியதாயிற்று.

சென்னையில் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். அக்கா போன பட்டத்து நெல்லை அரைத்து ஒரு பை அரிசி கொண்டுவந்திருந்தார். பெரியவர் மரியாதையானவர்தான், ஆனால் பேச்சு இறங்கி வரவில்லை. கடிதத்தில் அக்கா பெயர் வந்தால் நாளைக்கு நிலத்துக்கே உரிமை கேட்பார் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"நிலம் உங்களுது சார்" என்றார் அக்கா. "அத நான் கேக்கல, எம்பொண்ணும் கேக்க மாட்டா, அதையும் எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன். நெல்லு என்னுது. அத மட்டும் எம்பேர்ல எழுதச் சொல்லுங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பி, வெளிநாட்டில் எப்படி என்று விசாரித்தார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். பயிர் செய்பவருக்குத்தான் உதவி, நிலத்துக்காரர் உரிமைக்கு ஒன்றும் ஆவதில்லை என்று சொல்லி, "ஆனா உதவி கூடினா அங்க குத்தகையையும்..." என்று தொடரும்போது அக்கா என் காலை மிதித்தார். நல்ல மிதி. நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று பெரியவர் கடிதம் எழுதினார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அக்கா ஒரு பை அரிசியோடு போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் கற்கள் எங்கள் மாட்டுக் கொட்டாய்க்குப் படியாகிவிட்டன.

அக்கா பெயர் அடங்கலில் ஏறிய சான்றை வாங்கிய அன்று நான் ஷிப்டில் இருந்தேன். தேவி படம் எடுத்து அனுப்பினாள். கேன்டீனில் எல்லாரிடமும் காட்டினேன். யாருக்கும் அதன் அருமை புரியவில்லை. பரவாயில்லை என்று இரண்டாவது டேபிளுக்கும் போய்க் காட்டினேன். அந்தப் பட்டத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சொந்தப் பெயரில் போட்டுவிட்டு வந்து, அக்கா எங்கள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். அடுத்த பட்டத்தில் ஏரிக்குக் கீழே குத்தகைக்குப் பயிர் வைக்கிற மற்றவர்களும் அக்காவைத் தேடி வந்தார்கள். கடிதம் எப்படிக் கேட்பது, படம் எங்கே நின்று எடுப்பது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். நிலத்துக்காரர் வீட்டுக்குத் தனியாகப் போகப் பயந்தவர்களோடு தானும் பஸ் ஏறினார். கிராம சபையில் எழுந்து, பயிர் வைப்பவருக்குத்தான் உதவி வர வேண்டும் என்று பேசினார். ஐரோப்பாவில் இப்படி என்று ஆரம்பித்தார் என்றால் நிறுத்துவது கஷ்டம். ஊரில் சில பேர் அக்காவை ஆஸ்திரியாம்மா என்று கிண்டல் செய்தார்கள். அக்காவுக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். கால்வாய் ஓரத்து இருபது சென்ட்டில் மட்டும் அதன்பிறகு எள் போட்டார். அந்தப் பூ விஷயத்தைப் பேசினால் கடைசிவரை என்னைத்தான் முறைப்பார்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் படுத்தியது. தண்டலம் பக்கத்து மருத்துவமனையில் டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள் தேவியும் நானும் மாறி மாறி அழைத்துப் போவோம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விவசாயி என்று தெரிந்தால் போதும், அடங்கலில் யார் பெயர் என்று கேட்டுவிடுவார். கழனி வேலை மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது. ஓ.டி. பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் மதகடிக்கு ஓடினேன். வரப்பு சரியில்லை, களை நிற்கிறது, உரத்தை வாரி இறைக்கிறாய் என்று படுக்கையிலிருந்தே வீடியோவில் திட்டு விழுந்தது. சம்பா கதிர் பிடித்த வாரத்தில் அக்கா போனார். முந்தின நாள் சாயங்காலம் பயிரைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "நல்லா கீது" என்றார். அத்தனை வருடத்தில் என் வேலையை அக்கா நல்லா இருக்கிறது என்று சொன்னது அது ஒருமுறைதான். அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நாங்கள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் கேட்காமலே எங்கள் கழனிக்குத் தண்ணீர் திருப்பிய பாசனக்காரர்களுக்கு, டயாலிசிஸ் பிரிவில் அக்காவின் பேச்சைச் சலிக்காமல் கேட்ட நர்சம்மாக்களுக்கு, சேற்றில் இறங்கிய அந்த அலுவலருக்கு, காரியத்துக்குச் சென்னையிலிருந்து தள்ளாத வயதில் வந்து வரப்பில் முதல்முறையாகக் கால் வைத்த நிலத்துக்காரப் பெரியவருக்கு, செய்தி கேட்டுத் தன் கோதுமைக் கழனியில் நின்று படம் எடுத்து அனுப்பிய ஹெல்காம்மாவுக்கு, தோள் கொடுத்துத் தூக்கிப்போன என் லைன் தம்பிகளுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எங்களைத் தெரியாது, நாங்கள் நன்றி சொல்வதும் தெரியாது. காரியம் முடிந்து சம்பா அறுத்து, நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நானும் தேவியும் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். முதல் ஷிப்ட் முடித்து நேராகப் போனதால் கம்பெனி யூனிஃபார்மோடு இருந்தேன். மேசையில் இருந்தவர் புதியவர். சான்றில் இருந்த பெயரைப் பார்த்து, "இவங்க வரணுமே" என்றார்.

"வர முடியாது சார். தவறிட்டாங்க" என்றேன்.

அடுத்து நிலம் யாருடையது என்று கேட்பார் என்று நினைத்து, பெரியவரின் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். எத்தனை ஆபீசில் எத்தனை தடவை கேட்ட கேள்வி அது! அவர் கடிதத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"சரி. இப்ப அந்தக் கழனியில பயிர் வைக்கிறது யாரு?" என்றார்.

தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் என் யூனிஃபார்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.